இரட்டைத் தார்த்துணி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். நாலு கால் உண்டு, நடக்காது, ஓடும். வெயிலில் நிற்கும், வயிற்றுக்குள் மார்கழியை வைத்திருக்கும். அது என்ன?

ஏசி வைத்த கார் என்பீர்கள். பாதி சரி. எங்கள் வாசலில் நின்ற காரின் வயிற்றுக்குள் இருந்தது அக்கினி நட்சத்திரம்.

எங்கள் சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரி ஆர்தர் துரை ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, கப்பலில் ஏற்ற முடியாமல் என் தலையில் ஏற்றிவிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. தங்கவயலில் ஏசி வைத்த கார் அது ஒன்றுதான். இரண்டு வாரம் நன்றாகக் குளிர்ந்தது. மூன்றாவது வாரம், இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஊதத் தொடங்கியது.

நான் கலங்கவில்லை. சுரங்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் காற்றோட்டப் பிரிவு மேஸ்திரி நான். ஒன்பதாயிரம் அடி ஆழத்தில் மலைப்பாறை கொதிக்கிறது. அங்கே தார் பூசிய சாக்குத்துணியைக் கட்டி, காற்று எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தீர்மானிப்பவன். வேண்டாத பக்கம் துணி தொங்கினால், ஊசிமுனை அளவு காற்றும் அந்தப் பக்கம் போகாது. அதில் எனக்குப் பெயர் உண்டு.

அந்தத் திறமையைக் காருக்கும் காட்டியிருந்தேன். சித்திரைக் காற்றில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி மாவுபோலப் பறக்கிறது. அது காருக்குள் புகக்கூடாதென்று, இரண்டாவது வாரக் கடைசியில் காரின் முன்பக்கக் கம்பிவலை முழுவதும் தார்த்துணி கட்டினேன். நாலு மூலையிலும் சுரங்க முடிச்சு.

என் மனைவி ரத்தினம்மா துணியைப் பார்த்தாள். "இன்னாங்க, காருக்கு எதுக்கு இது?" என்றாள்.

அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அத அவுத்துட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாருங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் ஆர்தர் துரையின் மனைவி லூயிசாவுக்குக் கவுன் தைத்துக் கொடுத்தவள். அதற்குப் பதிலாக லூயிசா இவளுக்குக் கோரமண்டல் மைதானத்தில் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து இவளுக்குத் தானே காரை ஓட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. தையல் மிஷின் மிதிப்பதும் கார் மிதிப்பதும் ஒன்றா என்று கேட்டு, நான் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பேத்தமங்களாவில் அவள் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. குளிர்ந்த காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டுத் தங்கவேலு, சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் டிரைவர், வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதிரில்தான் அந்தச் சபதத்தைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காரைக் குளிர வைப்பேன். வைத்தால் இனி அவள் ஸ்டியரிங் பேச்சே எடுக்கக்கூடாது. அதுவரை என் வேலையில் வாயும் திறக்கக்கூடாது.

"வைக்கலன்னா சாவி எனக்கா?"

"உனக்குத்தான்."

"நடுவுல நான் ஒண்ணுமே சொல்லக்கூடாது?"

"கூடாது."

"தங்கவேலண்ணா, நீங்க சாட்சி" என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் அல்ல. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், தளரவில்லை. செவ்வாயன்று கம்ப்ரஸர் சுற்றுகிறதா என்று பார்த்தேன், சுற்றியது. புதன்கிழமை, கேஸ் ஓடுவதைக் காட்டும் சின்னக் கண்ணாடியில் குமிழி தேடினேன். ஒரு குமிழிகூட இல்லை, கேஸ் குறையவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. காற்று மட்டும் சுட்டது.

வியாழக்கிழமை உண்மை புலப்பட்டது. ரேடியேட்டர் தண்ணீரும் கொதித்தது. அப்படியானால் வெளியிலிருந்து வெப்பம் எங்கேயோ உள்ளே நுழைகிறது. ஆழத்தில் பாறை கொதித்தால் நாங்கள் என்ன செய்வோம்? இன்னொரு துணி கட்டுவோம். கட்டினேன். இரட்டைத் துணி.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போனபோது பாதி வழியில் காரிலிருந்து ஆவி கிளம்பியது. எங்கள் எட்டு வயது மகள் ராஜம், ரயில் மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். சனிக்கிழமை நான் ஆர்தர் துரையையும் அமெரிக்காவையும் திட்டி முடித்தேன். ஆறு நாளும் ரத்தினம்மா வாய் திறக்கவில்லை. காப்பி மட்டும் கொண்டுவந்து வைத்தாள். துணியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

ஞாயிறு காலை தங்கவேலு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். ரத்தினம்மா பட்டுப் புடவையில் வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

அவள் நேரே முன்பக்கம் போனாள். எட்டு முடிச்சையும் அவிழ்த்தாள். இரண்டு துணியையும் சுருட்டி, "இத புடிங்க" என்று என் கையில் கொடுத்தாள். கம்பிவலைக்குப் பின்னால் தேன்கூடு போலிருந்த தகட்டில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். கஞ்சி மாதிரிப் புழுதி வழிந்தது.

"உள்ள இருக்கிற சூட்ட இது வழியாத்தான் வெளிய தள்ளுது. லூயிசாம்மா வாரத்துக்கு ஒருவாட்டி மூஞ்சி கழுவி விடச் சொன்னாங்க. மூட்டை கட்டச் சொல்லல" என்றாள். "புகைக்கூண்ட அடைச்சிட்டு வீட்ல புகைன்னு அழுவுறவர நான் இப்பத்தான் பாக்குறேன்."

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மொத நாளே சொன்னேனே. அப்புறந்தான் வாயத் திறக்கக்கூடாதுன்னீங்க."

வண்டியைக் கிளப்பினாள். தங்கவேலு கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் சில்லிட்டுப்போன கையை வெளியே இழுத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டார். "மேஸ்திரி, ஆயிரம் பேருக்குக் காத்து அனுப்புறீங்க. கீழ எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

எனக்கும் மானம் உண்டு. பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டேன், பஸ்ஸில் வருகிறேன் என்று அறிவித்தேன். ராஜத்தைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரலாம், இறங்கியதும் சோடா வாங்கித் தருகிறேன், அம்மாவுடன் போகிறாயா அப்பாவுடன் வருகிறாயா என்று கேட்டேன்.

ராஜம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.