புட்டிங்குக்கு மூன்று விசில்

ஓவனுக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியபோது, திருமூர்த்தி அதற்குள் இன்னும் எதையுமே வைத்திருக்கவில்லை.

கையில் மாவுக் கிண்ணத்தோடு ஒரு கணம் திகைத்து நின்றார். மறுகணம் கூரையிலிருந்த ஸ்மோக் அலாரம் வீறிட்டது.

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள் மகள் பிரீத்தி. ஏழாம் வகுப்பு.

"அப்பா, உள்ள என்ன வச்சீங்க?"

"ஒண்ணுமே வைக்கலடி. காலி ஓவனைத்தான் சூடு பண்றேன்."

"காலியா? நம்ம வீட்டு ஓவனா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்த ஓவன் ஒரு நாளும் ஓவனாக இருந்ததில்லை. அது மனைவி பவதாரணியின் பாத்திர அலமாரி.

கதவைத் திறந்தார். இட்லித் தட்டு, இரண்டு வாணலி, முறுக்கு அச்சு, மூலையில் ஒரு பழைய பிரஷர் குக்கர். எல்லாவற்றுக்கும் மேலே அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தயிர் டப்பாக்கள். அதாவது, சற்று முன்புவரை தயிர் டப்பாக்களாக இருந்தவை. இப்போது வாணலிக்குள் பாகு மாதிரி வழிந்துகொண்டிருந்தன.

"கையுறை எங்க? பிரீத்தி, பின்கதவைத் திற!"

இருவரும் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். குக்கரைத் தூக்கும்போது திருமூர்த்திக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"என்ன கனம் கனக்குது. அந்தக் காலத்து அலுமினியம் அலுமினியம்தான்."

"அப்பா, கிச்சன்ல எதையும் இடம் மாத்தக் கூடாதுன்னு அம்மா ஊருக்குப் போறப்ப சொன்னாங்க."

"அம்மா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப அடுக்கிடலாம். முதல்ல மோரீன் வரட்டும்."

மோரீன் என்ற பெயரைச் சொன்னதுமே அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மோரீன் ஆஷ்வொர்த், கம்பெனியின் புது டைரக்டர். லண்டன் ஆபீசிலிருந்து டாலஸ் ஆபீசைப் பார்க்க வந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதை அவர் கொடுத்தாக வேண்டும். திருமூர்த்தியின் கிரீன் கார்டு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் மோரீன் எல்லோரையும் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். ஒருவர் கிரிக்கெட் என்றார், ஒருவர் மலையேற்றம் என்றார். வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்த திருமூர்த்திக்குப் பொழுதும் இல்லை, போக்கும் இல்லை. எதிரே சோபாவில் பிரீத்தி கேக் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிட்டிஷ் பேக்கிங்" என்றது அவர் வாய். "யார்க்‌ஷயர் புட்டிங், ஸ்டீம்டு புட்டிங் எல்லாம் வீட்டிலேயே செய்வேன்."

திரையில் மோரீனின் முகம் மலர்ந்தது.

"நான் பிறந்து வளர்ந்ததே யார்க்‌ஷயரில்தான். ஞாயிறு மாலை எனக்கு ஃபிளைட். மதியம் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?"

அந்த ஞாயிறுதான் இது. தன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை போயிருந்த பவதாரணி திரும்பி வருவதும் இதே நாள். அவளிடம் அவர் மூச்சே விடவில்லை. சொல்லியிருந்தால் பாதி வழியில் பாராசூட் கட்டிக் குதித்திருப்பாள்.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

பக்கத்து வீட்டு ஜெயசெல்வி. நாகர்கோவில்காரர். சர்ச்சுக்குக் கிளம்பிய பட்டுப்புடவை, கையில் மகனுடைய கிரிக்கெட் மட்டை.

"அலாரம் கேட்டதும் கள்ளன் புகுந்துட்டான்னுல்லா நெனச்சேன். போன வாரம் பக்கத்து ஊரு ஆலன்ல நம்ம ஆளுங்க வீடா பார்த்து நகையை வழிச்சிட்டுப் போயிருக்கான்."

"இங்க வந்தா கரண்டிதான்க்கா கிடைக்கும். எங்க நகையெல்லாம் பவதாரணி பேங்க் லாக்கர்ல வச்சிருக்கா."

"பின்ன என்ன தம்பி இந்த நாத்தம்?"

திருமூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். ஜெயசெல்வி மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் முந்தானையைச் செருகினார்.

"சர்ச்?"

"கர்த்தர் மன்னிப்பாரு. உங்களுக்கு வேலை போயிட்டா எங்க குப்பைத் தொட்டிய யாரு ரோட்டுக்கு உருட்டிட்டுப் போவா?"

யார்க்‌ஷயர் புட்டிங் மாவை ஊற்றிய முதல் குழித்தட்டு உள்ளே போனது. பிரீத்தி கையில் வீடியோவை வைத்துக்கொண்டு நேர்முக வர்ணனை செய்தாள்.

"கிரவுன் மாதிரி பொங்கி வரணும்ப்பா. டோரைத் திறக்கவே கூடாது."

திறக்கவில்லை. ஆனாலும் அது பொங்கவில்லை. வெளியே எடுத்தபோது தட்டில் இருந்தவை கேரம் காய்கள்.

ஜெயசெல்வி மாவு டப்பாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"தம்பி, இது மைதா இல்ல. இடியாப்ப மாவு."

"வெள்ளையா இருந்துச்சேக்கா."

"உப்பும்தான் வெள்ளையா இருக்கு."

அவர் வீட்டிலிருந்து மைதா வந்தது. ஆனால் முதல் தட்டில் ஒட்டிய இடியாப்ப மாவு, சிமெண்ட்போல் இறுகி, சுரண்டினாலும் வரமாட்டேன் என்றது. வேறு குழித்தட்டுக்கு எங்கே போவது?

திருமூர்த்தியின் கண்ணில் பணியாரச் சட்டி பட்டது.

"குழி குழியாதானே வேணும்? இதுல ஊத்துவோம்."

ஐடியா பிரமாதம். எண்ணெய் புகைய, மாவை ஊற்றி, உள்ளே தள்ளினார். சட்டியின் நீளமான கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஓவன் கதவு மூடவில்லை. முழங்காலால் முட்டுக்கொடுத்தபடி திருமூர்த்தி தரையில் உட்கார்ந்தார். அனல் அவர் புருவத்தைத் தடவிப் பார்த்தது.

"அப்பா, நீங்கதான் நல்லா பேக் ஆகறீங்க" என்றாள் பிரீத்தி.

கடைசியில் வெளிவந்தது சுத்தமான குழிப்பணியாரம். பொன்னிறம், உருண்டை. ஜெயசெல்வி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். இரண்டாவது கடியில் முகம் மாறியது.

"தயிர் டப்பா வாசனை அடிக்குது தம்பி. இந்த ஓவன்ல இனி எத வச்சாலும் பிளாஸ்டிக்தான்."

திருமூர்த்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த வீடு, பிரீத்தியின் பள்ளிக்கூடம், பாதி வழியில் நிற்கும் கிரீன் கார்டு எல்லாமே அந்தப் பணியாரத்தின் நடுவில் தெரிந்தன.

"எந்திரிங்க" என்றார் ஜெயசெல்வி. "ஓவன் இல்லேன்னா என்ன? ஸ்டீம்டு புட்டிங்னும் சொன்னீங்கல்லா? ஆவியில வேகவைக்க நமக்கு எவன் சொல்லிக் குடுக்கணும்?"

அடுத்த அரைமணி நேரம் அந்தச் சமையலறையில் போர்தான் நடந்தது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா. கோல்டன் சிரப்புக்குப் பதில் வெல்லப்பாகு. எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போய், மேலே அலுமினிய ஃபாயில் கட்டி, தினமும் சாதம் வைக்கிற குக்கருக்குள் இறங்கியது. ஜெயசெல்வி முதலில் வெறும் ஆவியில் விட்டார், பிறகு வெயிட்டைப் போட்டார்.

"மூணு விசில்" என்றார். "அதுக்குமேல விட்டா களி."

வாசல் மணி அடித்தது.

மோரீன் உயரமாக, கையில் பூங்கொத்தோடு நின்றார். மூக்கை ஒருமுறை சுளித்தார். ஆனால் நாகரிகமானவர், எதுவும் கேட்கவில்லை. கடையில் வாங்கிய வறுத்த கோழியோடு பணியாரத்தையும் தட்டில் வைத்தார் திருமூர்த்தி.

"இதுவா யார்க்‌ஷயர் புட்டிங்?"

"டெக்சாஸ் பாணி."

மோரீன் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எங்கள் ஊரில் இதை வேறு மாதிரி செய்வோம்" என்றார் மெதுவாக.

திருமூர்த்தியின் மனக்கண்ணில் பட்டியலின் முதல் வரியில் தன் பெயர் ஏறி உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து முதல் விசில் கிளம்பியது. மோரீன் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனார்.

"என்ன அது?"

"புட்டிங்தான், மேடம். இன்னும் ரெண்டு தடவை கூப்பிடும்" என்றார் ஜெயசெல்வி ஆங்கிலத்தில்.

மூன்றாவது விசிலுக்கு மோரீனே எண்ணத் தொடங்கியிருந்தார். டப்பாவைத் தட்டில் கவிழ்த்ததும், வெல்லப்பாகு வழிய வழிய, ஆவி பறக்க, புட்டிங் ஒரு சிறிய மலைபோல் குலுங்கி நின்றது. மேலே கஸ்டர்ட். மோரீன் ஒரு ஸ்பூன் எடுத்தார். கண்ணை மூடினார்.

"எங்கம்மா செய்ததுபோலவே இருக்கிறது" என்றார். "ஆனால் அம்மா இரண்டு மணி நேரம் அடுப்பருகே நிற்பார். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுவார். நீங்கள் எப்படி அரைமணியில்..."

"பிரஷர் குக்கர்" என்றார் திருமூர்த்தி. அவருக்கு ரெக்கை முளைத்துவிட்டது.

மோரீன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஊருக்குப் போனதும் இப்படி ஒன்று வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"வாங்குவானேன்? எங்ககிட்டயே ஒண்ணு சும்மா கிடக்கு."

தோட்டத்துக்கு ஓடியவரை ஜெயசெல்வி கதவருகே பிடித்து நிறுத்தினார்.

"பவதாரணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க தம்பி."

"அவ இன்னும் வானத்துலயோ டாக்சியிலயோ இருக்காக்கா. இதை அவ தொட்டே வருஷமாச்சு."

பழைய குக்கரின் மூடி திறக்கவில்லை. திருகினார், தட்டினார், அசையவே இல்லை. சூட்டில் ரப்பர் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். மோரீனிடம் அதையும் சொன்னார்: "எண்ணெய் விட்டுத் திறங்க, வந்துடும்."

மோரீன் சற்றுத் தயங்கினார்.

"கம்பெனி விதி தெரியுமல்லவா, திரு? நான் யாரிடமும் விலையுள்ள பரிசு வாங்கக் கூடாது. அதுவும் இந்த வாரம்."

"விலையா? தூக்கிப் போட்டா பழைய இரும்புக்காரன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். அஞ்சு டாலர் பெறாது."

"அப்படியென்றால் சரி. பெட்டியில் போட்டால் நசுங்கும், கையிலேயே எடுத்துப் போகிறேன்."

பிரீத்தி அதைப் பிறந்தநாள் காகிதத்தில் சுற்றி ரிப்பன் கட்டினாள். வாசலில் மோரீன் திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாளைக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இவ்வளவு பொறுமையாகப் புட்டிங் செய்கிற மனிதரை யார் அனுப்புவார்கள்?"

திருமூர்த்திக்கு அழுகை வந்தது. அதே நேரம் டாக்சியும் வந்தது. உள்ளேயிருந்து கசங்கிய சுடிதாரும் வீங்கிய கண்ணுமாகப் பவதாரணி இறங்கினாள்.

ஒரு நிமிஷத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டு புன்னகையைப் பொருத்திக்கொண்டாள். மோரீனின் ஒரு கையில் ரிப்பன் கட்டிய பொட்டலம், மறு கையில் மிச்சப் புட்டிங். பண்பாகப் பரிசுப் பொட்டலத்தைத் தானே வாங்கிக்கொண்டு போய் மோரீனின் காரில் முன் சீட்டில் வைத்தாள்.

"என்னங்க இது, இவ்ளோ கனமா இருக்கு?" என்று திருமூர்த்தியின் காதருகே கேட்டாள்.

"சும்மா ஒரு கிஃப்ட். அப்புறம் சொல்றேன்."

கார் தெருமுனையில் திரும்பும்வரை பவதாரணியும் கையசைத்தாள்.

குளித்தாள். புட்டிங் சாப்பிட்டாள். கதை முழுவதையும் கேட்டாள், தயிர் டப்பா உருகிய ஓவனையும் பரிசு என்ன என்பதையும் மட்டும் அவர் விட்டுவிட்டார். வேலை தப்பித்தது என்றதும், சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.

போனவள் திரும்பி வரவில்லை. அதுதான் திருமூர்த்தியைப் பயமுறுத்தியது. எட்டிப் பார்த்தார். திறந்த ஓவனுக்கு முன்னால் பவதாரணி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்குள்ள ஒரு பழைய குக்கர் இருந்துச்சு."

"ஆமா."

"எங்க?"

"நீதானேம்மா கார்ல ஏத்தின."

பவதாரணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல யாருமே திறக்காத இடம் இது ஒண்ணுதானேன்னு..." என்று தொடங்கியவள் பேச முடியாமல் தரையில் சாய்ந்தாள்.

திருமூர்த்தியின் போன் அடித்தது. மோரீன். ஸ்பீக்கரை அழுத்தினார்.

"திரு, ஏர்போர்ட்டில் செக்யூரிட்டிக்காரர்கள் என்னைத் தனியறையில் உட்கார வைத்துவிட்டு, உங்கள் அஞ்சு டாலர் பெறாத குக்கரைத் திறந்தார்கள், உள்ளே துணியில் சுற்றி வைத்திருக்கிற தங்க வளையல், நெக்லஸ், ஒட்டியாணம் எல்லாம் என் புட்டிங்குக்கா, இல்லை என் பட்டியலுக்கா?"