இருதரப்புச் சேனை

உண்மைக்காக உயிரையே பணயம் வைக்கும் அமைப்பு இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது 'பழம்போர் மீட்பு மன்றம்'. பணயம் வைக்கப்படும் உயிர் யாருடையது என்பது சில்லறை விவரம். அது போகப் போகத் தெரியும்.

என்றோ ஓர் ஆற்றங்கரையில் இரண்டு பேரரசுகள் மோதிக்கொண்டன அல்லவா, அந்தப் போரை நடந்தது நடந்தபடி ஆண்டுதோறும் மைதானத்தில் நடத்திக் காட்டுவது மன்றத்தின் திருப்பணி. நூல், பொத்தான், செருப்பு வார், செருப்பு வாரில் உள்ள ஓட்டை என்று சகலமும் அந்தக் காலத்ததாக இருக்கவேண்டும். கைக்கடிகாரத்தோடு களம் புகுந்த ஓர் இளவரசரை மன்றம் ஓராண்டு தள்ளி வைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னதன் பேரில் ஓர் உபதளபதி, எதிரிப் படை என்று நினைத்து ஐஸ் வண்டியைத் தாக்கினார். உண்மை என்று வந்துவிட்டால் இழப்புகள் இருக்கத்தான் செய்யும்.

உறுப்பினர் தமக்கு வேண்டிய வேடத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று மன்றத்தின் விதிகளில் ஒரு ஜனநாயகப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவின்படி பல் டாக்டர் மேற்குச் சக்கரவர்த்தி ஆனார். வீட்டுமனைத் தரகர் கிழக்குச் சக்கரவர்த்தி ஆனார். மற்றவர்கள் தளபதி, இளவரசர், இளவரசரின் சித்தப்பா, ராஜகுரு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவர், "கிரீடம் இல்லாம என் தலை நிக்காது" என்று அறிவித்து, போரில் கலந்துகொள்ளாத அண்டை நாட்டு மன்னராக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வாறாக இரண்டு சேனைகளிலும் தலைகள் நிரம்பி வழிந்தன. உடம்புதான் இல்லை.

அந்த உடம்பாக வந்து வாய்த்தவர் ஜெராக்ஸ் மெக்கானிக்.

மன்ற அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டதைச் சரிசெய்ய வந்தவர் அவர். திருப்புளியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பல் டாக்டர் கேட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எல்லாம் என்ன பண்ற?"

"சும்மாதான் இருக்கேன் சார்."

"அப்ப வந்து செத்துட்டுப் போயேன்."

கேட்டவிதம் அவ்வளவு அன்பாக இருந்தது. மெக்கானிக்குக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஒருவர் கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிறவி அவர்.

சக்கரவர்த்திகளின் கவசங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். பல் டாக்டரின் மார்புக்கவசம், பாய்லர் செய்யும் பட்டறையில் செய்யப்பட்டது. பளபளவென்று இருக்கும், தட்டினால் டாங் என்று கேட்கும், ஆனால் உட்காரமுடியாது. ஆகவே அவர் களத்துக்குச் சரக்கு வேனில், பீரோவைப் போல நிறுத்திக் கயிறு கட்டிக் கொண்டுவரப்படுவார். தரகர் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தருவித்தார். பெட்டியைப் பிரித்தால் கால் கவசம் இரண்டும் இடது காலுக்கானவை. திருப்பி அனுப்பினால் ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அன்று முதல் கிழக்குச் சக்கரவர்த்தி சற்றே இடப்புறமாகப் படையெடுக்கலானார்.

சிப்பாய்க்கு இரும்பு கிடையாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மன்றத்தின் ஆய்வுத் தலைவர். எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதால் அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"காலாட்படைக்குக் கவசம் பஞ்சுச் சட்டைதான். துணி மேல துணி வெச்சுத் தைக்கணும். கைத்தையல். மெஷின் பட்டுதுன்னா நான் கண்டுபிடிச்சிருவேன்."

தைத்தவர் மெக்கானிக்கின் மனைவி. மருந்துக்கடையில் வேலை முடித்து வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்தார். உள்ளே வைக்கப்பட்டவை: கிழிந்த போர்வைகள், ஒரு மெத்தை உறை, அவருடைய பழைய நைட்டி. இரண்டு பேரரசுகளுக்கும் இருப்பது ஒரே சிப்பாய் என்பதால் சட்டைக்கும் இரண்டு பக்கம் வைத்தார். வெளிப்பக்கம் மேற்கின் சிவப்பு. புரட்டினால் கிழக்கின் நீலம். மெக்கானிக் சிவப்பில் வந்து தரகர் கையால் சாவார். பிணமாகவே உருண்டு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போவார். சட்டையைப் புரட்டிக்கொண்டு நீலத்தில் எழுந்து வந்து டாக்டர் கையால் சாவார். தன்னைத்தானே தோற்கடித்து, தன் சாவுக்குத் தானே பழிவாங்கி, அதிலும் தானே மாளும் பாக்கியம் எந்த மாவீரனுக்கும் வாய்த்ததில்லை.

முதல் ஒத்திகையன்று ஆதாரம் சட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தையலில் குற்றம் இல்லை. முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னய்யா இது அழுக்கு?"

"சிப்பாய் சட்டை அழுக்கா இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அழுக்கு இருக்கணும். ஆனா இது இந்த நூற்றாண்டு அழுக்கு! ஜெராக்ஸ் பொடி வாசம் அடிக்குது. அந்தக் காலத்து அழுக்கோட வா."

மனைவி சட்டையைத் துவைத்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, தெருவில் போட்டு மிதித்து, ஒருவாறு பழங்காலத்தை வரவழைத்தார். வெள்ளை வெளேரென்று துவைத்துத் தரவேண்டும் என்று தாய்வீட்டில் பழக்கிவிட்ட கைகள் அவை. மிதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

இதிலெல்லாம் ஒன்றும் வருத்தமில்லை. வருத்தம் வேறு. சக்கரவர்த்திகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதில்லை. கவசத்தில் கீறல் விழும். வாள் என்று ஒன்று இருந்தால் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்? அது பஞ்சுச் சட்டையில் இறங்கும். மழுங்கிய வாள்தான், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. தையல் பிரிந்துவிடும். ஞாயிறு தோறும் ஒத்திகை. வாரம் முழுக்கத் தையல். மனைவியின் விரல்களில் பிளாஸ்திரி இல்லாத விரலைத் தேடவேண்டியிருந்தது.

ஆண்டுப் போருக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டுச் சொன்னார்.

"ஏங்க, வாராவாரம் என்னை ரெண்டு தடவை விதவையாக்கிட்டு, சாயங்காலம் வந்து காபி கேக்குறீங்க. நானும் போட்டுக் குடுக்குறேன். இந்தத் தடவை அப்பா வர்றாரு."

"மாமாவா? அவரை யாரு கூப்பிட்டா?"

"நீங்கதான். 'நான் இல்லன்னா போரே நடக்காது மாமா'ன்னு போன்ல பீத்திக்கிட்டீங்கல்ல? அவரு சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் மாப்பிள்ளை சேனாதிபதின்னு சொல்லி வெச்சிருக்காரு."

"ஐயையோ."

"அவர் முன்னாடி செத்தீங்க, அவ்வளவுதான். ஊசியை உங்க கையிலயே குடுத்துருவேன். நீங்களே தைங்க, நீங்களே சாவுங்க." சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனார், கோக்க வரவில்லை. "விளையாட்டுதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஒத்திகை பாக்க வர்றப்பல்லாம், நீங்க விழுந்ததுலேருந்து எழுந்திரிக்கிற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

மெக்கானிக்குக்கு அதற்குமேல் சாவதில் உற்சாகம் இல்லாமல் போயிற்று.

மன்றத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது. பொருள்: 'சிப்பாய் உயிரோடு இருக்க அனுமதி கோருதல்'.

"இந்த ஒரு தடவை மட்டும் சாகாம இருந்துக்கறேன் சார்" என்றார் மெக்கானிக்.

"ரெண்டு தரப்புலயுமா?" என்று பதறினார் டாக்டர்.

"ஒரு தரப்புலயாவது."

"எந்தத் தரப்புல?" என்று தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேற்குல பொழச்சுக்கிட்டா டாக்டர் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நான் ஒத்துக்கமாட்டேன்."

"கிழக்குல பொழச்சா நான் ஒத்துக்கமாட்டேன்."

"ஆக, தம்பி சாகறதுல நமக்குள்ள கருத்து வேறுபாடு இல்ல" என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

ஆதாரம் தொண்டையைச் செருமினார். "உணர்ச்சிவசப்படாம பாக்கலாம். ராஜா உயிரோட திரும்பினதுக்குக் கல்வெட்டு இருக்கு. ராஜாவோட குதிரை திரும்பினதுக்கு ஓவியம் இருக்கு. குதிரையோட பேர்கூட இருக்கு. சிப்பாய் ஒருத்தன் உயிரோட வீடு போய்ச் சேர்ந்தான்னு எங்கயாவது ஒரு வரி இருக்கா?"

"போய்ச் சேர்ந்தவன் எழுதி வெக்கலையோ என்னமோ சார். வீட்டுல வேலை இருந்திருக்கும்."

"அனுமானம் ஆதாரம் ஆகாது."

"அப்ப எனக்குப் பதிலா வேற யாராவது ஒருத்தர்..."

ஒரு தளபதிக்குத் திடீரென்று முழங்கால் வலித்தது. ராஜகுருவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் கனிவோடு சொன்னார்: "என் கவசத்துல குனியவே முடியாது தம்பி. நான் செத்தா யாரு தூக்குறது?"

வாக்கெடுப்பில் சாவு அமோக வெற்றி பெற்றது. எதிர்த்து ஒரே ஓர் ஓட்டு. சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடக்கூடாது என்பதால் அதுவும் செல்லாது. இருந்தாலும் மன்றத்துக்கு இதயம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! சாகும்போது சிப்பாய் சிரித்த முகத்தோடு சாகலாம் என்று ஒரு சலுகை ஏகமனதாக வழங்கப்பட்டது.

போர் நாள் வந்தது. வெயில் கொளுத்தியது. டாக்டரை வேனிலிருந்து இறக்கி நிமிர்த்தினார்கள். தரகர் இடப்புறமாக வந்து சேர்ந்தார். முன்வரிசையில் மாமனார், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் மனைவி, அவர் உட்காரவே இல்லை.

ஆதாரம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இதோ, கிழக்குச் சக்கரவர்த்தியின் வாள் மின்னுகிறது! மேற்கின் சேனை வீழ்கிறது!"

தரகர் ஓங்கி ஒரு போடு போட்டார். தோள் பக்கத் தையலில் பட்டது. மேற்கின் சேனை நின்றுகொண்டிருந்தது.

"தம்பி, விழு."

"இல்ல சார்."

"என்ன இல்ல சார்? ஜனங்க பாக்குறாங்க."

"எங்க மாமனாரும் பாக்குறாரு சார்."

ஒலிபெருக்கி சுதாரித்துக்கொண்டது. "சேனை இப்போது வீழும்..." சற்றுப் பொறுத்து, "சேனை விரைவில் வீழும் என்று எதிர்பார்க்கப்படுகிறது..." இன்னும் சற்றுப் பொறுத்து, மைக்கை மூட மறந்து, "யோவ், விழுந்து தொலையேன்யா!"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணுகிறார். இவர் விழுவதற்கு முன்பே எண்ண ஆரம்பித்துவிட்டார்.

தரகர் கெஞ்சும் குரலுக்கு வந்திருந்தார். "கொஞ்சமா செத்தா போதும்ப்பா. முட்டி போட்டாக்கூடப் போதும்."

"மாப்ளை!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. மாமனார் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். "அசையாதீங்க மாப்ளை! அவன் கையில தெம்பே இல்ல!"

கூட்டம் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். மெக்கானிக் சட்டை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கசங்காமல் மடித்தார். மன்ற வரலாற்றில் முதல்முறையாக இந்த நூற்றாண்டுப் பனியன் ஒன்று போர்க்களத்தில் தரிசனம் தந்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன் சார்" என்று இரண்டு சக்கரவர்த்திகளுக்கும் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தாண்டி வெளியே வந்தார். மேற்கின் சேனையும் கிழக்கின் சேனையும் ஒரே நேரத்தில் களத்தைவிட்டு வெளியேறின.

மனைவி எண்ணுவதை நிறுத்தினார்.

களத்தில் இப்போது இரண்டு சக்கரவர்த்திகள் எதிரெதிரே. "மன்னர்கள் நேருக்கு நேர்!" என்று ஒலிபெருக்கி அலறியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"நீங்க அடிங்க டாக்டர்."

"நீங்க முதல்ல சார். வயசுல பெரியவர்."

"பாலிஷ் போயிடுமேன்னு பாக்குறேன்."

"எனக்கும் அதேதான். உள்ள இட்லிப் பானை மாதிரி வேகுது வேற."

"ஆமா, நாம எதுக்குச் சண்டை போடுறோம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் யாருக்குன்னு."

"அது உங்களுதுதானே? நான் எங்க வேணாம்னேன்?"

"இந்தப் பக்கம் உங்களுது. எனக்கும் அதுல ஒண்ணும் இல்ல."

"வாங்க, சோடா குடிப்போம்."

உட்கார முடியாத சக்கரவர்த்தி நின்றபடியும், இரண்டு இடது கால் சக்கரவர்த்தி சாய்ந்தபடியும் சோடா குடித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமனார் கேட்டார்: "சேனாதிபதின்னு நெனச்சேனே மாப்ளை?"

"இல்ல மாமா. சிப்பாய்தான்."

"எந்தப் படையில?"

"ரெண்டுலயும்."

மாமனார் மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீங்க வந்துட்டா அங்க மிச்சம் யாரு?"

"ராஜாங்க மட்டும்தான் மாமா."

"அவங்க மட்டும் இருந்தா சண்டை எப்படி நடக்கும்?" என்றவர், தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கணவரின் தோளிலிருந்த சட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மன்றம் சும்மா இருக்குமா? விசாரணைக் குழு அமைத்தது. குழு ஆழமாக ஆராய்ந்து தீர்ப்பளித்தது: சிப்பாய் சாக மறுத்தான். அதனால் போர் நின்றது. அதனால் மன்னர்கள் சமாதானமாகப் போகவேண்டிய அவமானம் நேர்ந்தது. உலகின் எந்த மூலையிலும் எந்தக் காலத்திலும் இப்படி ஓர் அசம்பாவிதம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அன்றைய நிகழ்ச்சி முழுவதும் பொய், பிழை, வரலாற்றுத் துரோகம்.

குழு சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மன்றத்துக்கு ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அன்று அந்தி சாயும்போது இரண்டு சக்கரவர்த்திகளின் கவசங்களையும் கழற்றித் துடைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒரு விஷயத்திலாவது மன்றம் சரித்திரத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை.