நெகேமியா மதிலைவிட்டு இறங்கவில்லை

தலைமைப் பாடம் எடுப்பவர் என்றோர் இனம் உண்டு. எங்காவது வேலை பார்க்கிறவர் என்றால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் அகப்பட்டால் நோவாவின் பேழை கெடு தவறாத ப்ராஜெக்ட் ஆகிவிடும். தாவீதின் கவண் குறைந்த செலவில் நிறைந்த உற்பத்தி. தஞ்சைப் பெரிய கோயில் தரக் கட்டுப்பாடு. பன்னிரண்டு சீடர்களும் ஒரு டீம், யூதாஸ் மட்டும் ஆளெடுப்பில் நேர்ந்த பிழை. வரலாறு முழுவதும் அவருடைய காலைக் கூட்டத்துக்காகவே நடந்து முடிந்திருக்கிறது.

எங்களுக்கு வாய்த்தவர் ஞானராஜ் சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி. அவர் மேனேஜர், நான் பராமரிப்பு இன்ஜினியர். ஷிப்டுக்கு முன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம்.

"நாப்பது வருஷம் வனாந்தரத்துல ஜனங்களை நடத்தினாரே மோசே, அந்தப் பொறுமைதான் லீடர்ஷிப்."

"யாரனா வழி கேட்டுகினு போயிருந்தா சீக்கிரம் சேர்ந்திருக்கலாமே சார்," என்பார் ஃபிட்டர் பாண்டியன். "அத்த உடுங்க. மூணாவது மெஷினுக்கு பேரிங் வந்துச்சா?"

பேரிங் வந்திருக்காது. பாடம் வந்திருக்கும்.

அம்மாவை ஆவடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு மதியம் தங்கை எழிலரசி போன் செய்தாள். "அண்ணா, அம்மா உன்னையே கேட்டுகினு இருக்காங்க. சீக்கிரம் வா."

லீவு கேட்டேன். சார் கண்ணை மூடினார். எருசலேம் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை எதிரிகள் கீழே வரச்சொல்லிக் கூப்பிட்டார்களாம். பெரிய வேலையில் இருக்கிறேன், இறங்க முடியாது என்றாராம்.

"ஃபோகஸ், தம்பி. ஷிப்ட் முடிச்சிட்டுப் போ. நான் ஜெபம் பண்றேன்."

என் அம்மா எப்போது எதிரியானாள்? கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்துதான் போனேன். முகத்தை மூடியிருந்தார்கள்.

கொரட்டூர் வீட்டுக்கு சார் மாலையோடு வந்தார். மாலையை வைத்ததோடு நிறுத்தினாரா?

"லாசரு சாகக் கிடக்கான்னு கேட்டும் இயேசு உடனே கிளம்பல. தாமதத்துலயும் ஒரு பிளான் இருக்கு, தம்பி."

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம் பாண்டியன் நின்றிருந்தார்.

"சார், இந்தக் கதைய நீங்கதான் போன மாசம் சொன்னீங்க. அவரு லேட்டா போனாலும் செத்தவன எழுப்பி உட்டாரு. நம்ம ஆளு லேட்டா வந்து இன்னா பண்றது?"

சாருக்குக் கண் கலங்கியது. அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலைக் கூட்டத்தில் பேசினார்: "நம்மள எதிர்த்துக் கேள்வி கேக்கிறவனைப் பொறுமையா கேக்கணும். இதை நான் ஒரு சாவு வீட்டுல கத்துக்கிட்டேன்." பலத்த கைதட்டல்.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். 'தாய்க்கு முடியவில்லை என்றால் உடனே லீவு கொடுத்துவிட வேண்டும், நல்ல பாயிண்ட்' என்று இப்போது மனத்தில் ஓடியதா? நாளைக்கு உங்கள் ஆட்களை நிற்கவைத்து இதைச் சொல்லப்போகிறீர்களா?

சொல்லுங்கள். பாதியில் எதிரே நிற்பவனின் போன் அடிக்கும். பாடத்தை முடித்துவிட்டுத்தான் அவனை விடுவீர்கள், பாருங்கள்.