பூச்சி இல்லை, மச்சான்

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் தமிழரசு அவர்களுக்கு, பரந்தாமன் பணிவோடு எழுதுவது. வேப்பம்பட்டில் தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை வசந்தாவும் சுகம். என் கடைவாய்ப் பல்லும் சுகம். போனிலேயே சொல்லியிருப்பேன், தாங்கள் வீடியோவில் வந்து கன்னத்தைக் காட்டு என்பீர்கள். கடிதம்தான் மரியாதை.

"வெள்ளிக்கெழமைக்குள்ள பல் டாக்டராண்ட போவல, நானே வந்து தூக்கினு போவேன்" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்கு முன் கைவைத்தியமும் பார்த்தாயிற்று. கிராம்பை வைத்தேன்; நாக்கு மரத்துப்போய், ரசத்தில் உப்பில்லை என்று இரண்டு நாள் வசந்தாவோடு சண்டை. பூச்சி தானாக வெளியே வரட்டும் என்று வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தபோதுதானா கேஸ்காரர் வந்து ஓடிபி கேட்க வேண்டும்? நான் விரலால் எண்களைக் காட்டினேன். அவர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்த, பக்கத்து வீட்டு கோவிந்தராஜ் சண்டையென்று ஓடி வந்துவிட்டார்.

நேற்று போய்விட்டேன். டாக்டர் ஷாரன் சின்னப் பெண்தான். நாற்காலியில் சாய்ந்ததுமே, "பூச்சிய எடுத்து ஒரு டப்பால போட்டுக் குடும்மா, மச்சானாண்ட காட்டணும்" என்றேன்.

"பூச்சியே கிடையாது அங்கிள். நீங்க சாப்பிடற சர்க்கரையத் தின்னுட்டு வாயில இருக்கற கிருமிங்க அமிலத்த உண்டாக்குது. அதுதான் பல்ல அரிக்குது. ஒரு நாளைக்கு எத்தன டீ?"

"ரெண்டு."

"ஏழு" என்றாள் கூட வந்திருந்த வசந்தா. "ஏழாவத குடிச்சிட்டு அப்டியே படுத்துக்குவாரு."

"அப்போ ராத்திரி பூரா கிருமிங்களுக்கு விருந்து" என்று டாக்டர் சிரித்தார். படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்டால் தேய்க்க வேண்டுமாம். அதன்பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாதாம். சும்மா சும்மா சர்க்கரை டீ குடித்தால் பல்லுக்குத் தேறிக்கொள்ள நேரமே கிடைக்காதாம்.

பிறகு ஊசி. நான் முனகக்கூட இல்லை. சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டார்கள். "இவ்ளோ தைரியமான ஆள நான் பாத்ததில்ல" என்று டாக்டரே சொன்னார்.

ஆகையால் தாங்கள் வெள்ளிக்கிழமை ரயிலேறிச் சிரமப்பட வேண்டாம். வெயில் வேறு அதிகம். முக்கியமாகத் தங்கள் மூத்த மகனை அழைத்து வரவே வேண்டாம்; அவனுக்கு ஜிம் இருக்கும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லார் பல்லும் நூறாண்டு வாழ்க.

தங்கள் அன்புள்ள,
பரந்தாமன்

பி.கு.: அண்ணே, நான் வசந்தா எழுதறேன். போஸ்ட்ல போடுன்னு ஒட்டாம குடுத்தாரு, படிச்சிட்டேன். ஊசியப் பாத்ததும் எழுந்து, "மொதல்ல என் சம்சாரத்துக்குப் பாரும்மா"ன்னு என்னப் புடிச்சி உக்கார வெச்சிட்டு வெளிய ஓடிட்டாரு. பாத்தா எனக்கும் ஒரு சொத்தை கீது. அடைச்சது என் பல்ல. தைரியம்னு சொன்னதும் என்னத்தான். இவருக்கு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, கன்னம் இன்னும் இட்லி மாதிரி கீது. வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கிட்டேன். பெரியவனயும் கண்டிப்பா இட்டுனு வா. ஆட்டோல இவர நடுவுல உக்கார வெக்கணும்.