ஹைட்ரஜன் அமர வேண்டிய இடம்

வாழ்க நெடியோனே! அமிலம் தின்ற துளைகளை விழுப்புண்களாய் மேலங்கியில் தரித்தவனே! கரும்பலகைக் களந்தோறும் சாக்பீஸ் படைகளைப் பொடியாக்கியவனே! மெலிந்து நீண்ட மேனியால் மாணவர் நாவில் ‘பிப்பெட்’ என்று நிலைத்துவிட்ட வேதியியல் வேந்தே, உன் புகழ் பாடப் புகுந்தோம். பாடும்படி அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

அப்பெருமகன் அன்று முக்காலியேறி நின்ற காரணம் கேளீர். பள்ளியின் புதிய ஆய்வகச் சுவரில் தனிம வரிசை அட்டவணை எழுந்துகொண்டிருந்தது. ஒரு தனிமத்துக்கு ஓர் அட்டையாக, மற்றவை யாவும் ஈரப்பசையோடு தத்தம் அரியணை ஏறிவிட்டன. எஞ்சியது ஹைட்ரஜன் மட்டுமே. தனிமக் குலத்தின் முதற்பிள்ளை, ஒற்றை எலக்ட்ரானைத் தவிர வேறு சொத்தற்ற ஏழை. தலைமையாசிரியை வந்து சுவரைப் பார்த்த கையோடு ஆய்வகப் பொறுப்பாளரை அறிவிப்பார். அப்பதவிக்கு மின்விசிறியின் நேர்கீழே தனி மேசை உண்டு. மண்ணுக்கும் பொன்னுக்கும் போரிட்ட மன்னரை ஏசுகிறோமே, அவர்கள் மேசைக்காகப் போரிடவில்லை.

எதிரே, சினம் பிறந்த கணமே முகம் சிவப்பதால் ‘லிட்மஸ்’ எனப் பட்டம் பெற்ற இளைய ஆசிரியை, பசைக்குப்பியைக் கேடயமென ஏந்தி எழுந்தருளினாள்.

“ஒரே ஒரு எலக்ட்ரான் வச்சிருக்கு. இடது ஓரத்துல, லித்தியம் தலைக்கு மேலதான் உக்காரும்!” என்று முழங்கினான் பிப்பெட்.

“லித்தியம் உலோகம் சார், இது வாயு. இன்னும் ஒரு எலக்ட்ரான் கிடைச்சா இதுக்கு ரொம்பிடும், புளூரின் மாதிரியே. வலது பக்கம் குடுங்க.”

“நேத்து வந்தவங்க நீங்க. எனக்குச் சொல்லித் தர்றீங்களா?”

“ஹைட்ரஜன் உங்களுக்கும் முன்னாடியே வந்துடுச்சு சார்.”

பேரறிஞரே இன்னும் ஒருமனதாய் முடிக்காத அவ்வழக்கை இவ்விருவரும் கைகளாலேயே தீர்க்கத் துணிந்தனர். ஒரே கரும்பைப் பற்றிய இரு மதகளிறுகள்போலவும், ஒரே எலும்பைக் கவ்விய இரு நாய்கள்போலவும் (இரண்டாம் உவமையே பொருத்தம்), அட்டையின் இருமுனை பற்றி, முக்காலி உருள, பசை தெறிக்க, தோளும் முதுகும் சுவரில் உராய, துத்தநாகமும் பாதரசமும் பதறி உதிர, அறிவியலின் மானம் அவ்வுதிர்ந்த அட்டைகளோடு தரையில் மிதிபட, இழுத்தனர், இழுத்தனர், பின்னும் இழுத்தனர். ஐயகோ! வெறுங்கையால் ஹைட்ரஜன் பிளந்தது. சற்றேனும் நாணினரா? இல்லை. ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு ஓடி, அவன் இடக்கோடியிலும் அவள் வலக்கோடியிலும் வெற்றிக்கொடியாய் ஒட்டி, மூச்சிரைக்க நிமிர்ந்து நின்றனர்.

கதவு திறந்தது. கணக்கியல் படித்துத் தலைமை எய்திய அம்மையார் உள்ளே வந்தார். இடக்கோடிப் பாதியும் வலக்கோடிப் பாதியும் அவர் கண்ணில் படவேயில்லை. அட்டவணையில் அவர் அறிந்த தனிமம் ஒன்றே. அவர் விழி அதைத் தேடி நடுச்சுவரில் நின்றது.

“தங்கம் எங்க சார்?”

பிப்பெட் விதிர்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பினான். வெள்ளிக்குக் கீழே அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாய்ப் பசை பளபளக்கக் கிடந்தது. தரையைத் துழாவினான், மேசையடியில் தலையை நுழைத்தான்.

“தேடாதீங்க,” என்றார் அம்மையார். “உங்க முதுகுலதான் ஒட்டியிருக்கு. பக்கத்துலயே பிளாட்டினமும் இருக்கு. மிஸ், நீங்க சிரிக்காதீங்க, உங்க தோள்ல ஈயம்.”

ஆய்வகப் பொறுப்பை விளையாட்டு ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார்கள்.