அப்பா குளிச்ச பாட்டு

கந்தப்பளைக் குளிரில், காலை ஆறு மணிக்கு, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு மனுஷனை எழுப்பலாமா? நீங்களே சொல்லுங்கள்.

கூடவே கூடாது என்பதுதான் நிரஞ்சனின் கட்சி. தேயிலை பெக்டரியில் அவனுக்கு வேலை பகல் இரண்டு மணிக்குத்தான். ஆகவே காலை ஒன்பது வரை கம்பளிக்கு அவன்தான் ராஜா. ஆனால் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருப்பது ஒரே அறை. அந்த அறையில்தான் அவன் மனைவி பூரணி, நாலு வயது மகள் டிலானிக்குத் தினமும் கச்சேரி வைப்பாள்.

பூனக்குட்டி எந்திரிச்சு
பல்லு வெளக்குச்சாம்
பால்பல்லு அத்தனையும்
பளபளன்னுச்சாம்!

பூனை பல் விளக்கி முடித்தால் குருவி குளிக்கும். குருவி குளித்தால் ஆட்டுக்குட்டி ரொட்டி தின்னும். பிறகு முயலுக்குச் சட்டை, வாத்துக்குச் செருப்பு. கடைசியில் பிள்ளை சிரித்துக்கொண்டே அம்மா கையைப் பிடித்துப் புறப்படும். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவளை விட்டுவிட்டு, பூரணி வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவாள். அதற்குள் நிரஞ்சனின் தூக்கம் நுவரெலியா தாண்டிப் போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பொங்கிவிட்டான்.

“இது வீடா, ரேடியோ ஸ்டேஷனா?”

“பாட்டு பாடினாத்தாங்க புள்ள வாயத் தொறக்குது.”

“அதட்டினா தொறக்காதா?”

“தொறக்கும். அழுறதுக்கு.”

“ஒரு புள்ளைய கெளப்ப இத்தன மிருகம் எதுக்கு? நான் கெளப்புறேன் பாரு, ஒத்தப் பாட்டு இல்லாம.”

“எத்தன நாளைக்கு?” என்றாள் பூரணி, ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி. அந்தக் கேள்வி கொஞ்சம் வேகமாக வந்ததை அவன் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

“ஆறு நாளு. எட்டு மணிக்குள்ள புள்ள பிள்ளைக்காம்பராவுல இருக்கும். நான் ஜெயிச்சா, காலையில நீ பாடவே கூடாது. என் கம்பளிப் பக்கமே சத்தம் வரக்கூடாது.”

“சத்தியமா பாட மாட்டேங்க. தோத்தா?”

“ஆயுசு முழுக்க உன் கச்சேரிய வாய மூடிக்கிட்டு கேக்குறேன்.”

திங்கட்கிழமை நிரஞ்சன் அதட்டினான். டிலானி கட்டிலுக்கடியில் போனாள். கெஞ்சினான். அவள் இன்னும் உள்ளே போனாள். அவனும் உள்ளே போனான். தலை இடித்ததுதான் மிச்சம். பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனபோது டிலானியின் பல்லைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பற்பசை இருந்தது. அவன் மீசை உட்பட.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த பூரணி ரொம்பத் தாராளமாக இருந்தாள்.

“இன்னைய நாள விட்டுருவோம். நாளையிலருந்து ஆறு நாளு வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமையும் சேத்து. வேணும்னா பாட்டும் பாடிக்குங்க. ஆனா ஒண்ணு. என் பாட்டு கூடாது. என் பூன, குருவி, ஆட்டுக்குட்டி, முயலு, வாத்து... ஒருத்தரையும் தொடக்கூடாது.”

“அப்ப எனக்கு யாரு இருக்கா?”

“அதான் நீங்க இருக்கீங்கல்ல?”

நிரஞ்சன் யோசித்தான். அட, ஆமா! பூனையை விட அப்பா குறைச்சலா? பெக்டரியில் வேலை முடிவதற்குள் பாட்டு தயார். தன்னை ஒரு வீரனாகவே வைத்துக் கட்டியிருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் அரங்கேற்றம்.

அப்பா பல்லு வெளக்கினாரு
கரகர கர!
நானும் பல்லு வெளக்கினேன்
பரபர பர!
அப்பா பீலியில குளிச்சாரு
தடதட தட!
நான் சுடுதண்ணியில குளிச்சேன்
சடசட சட!

டிலானி கை தட்டினாள். துள்ளினாள். பிறகு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ம்... வெளக்குங்க.”

“நீ வெளக்கும்மா.”

“பாட்டுல அப்பாதானே மொதல்ல?”

இங்கேதான் கவிஞர் சறுக்கினார். பூனை பல் விளக்கியதை யார் கண்டது? அப்பா கண் முன்னாலேயே நிற்கிறாரே! விளக்கினான். அவளும் விளக்கினாள். அடுத்தது?

“பீலி” என்றாள் டிலானி.

“அப்பா பொறவு குளிக்கிறேண்டா.”

“அப்ப நானும் பொறவு.”

மணி ஏழரை. லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து குழாய் வழியே கொட்டும் பீலித் தண்ணீர், ஐஸ் கட்டியாக மாற நேரமில்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தது. நிரஞ்சன் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தான். அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராக்காயி குடத்தோடு ஓடிவந்தாள்.

“என்னா தம்பி, கல்யாணத்தன்னைக்கே முகம் மட்டுந்தானே கழுவுனீங்க! இப்ப என்னா வேண்டுதலா?”

“ச்ச்ச்சும்மாதான் அக்கா!”

“அப்பா, ‘தடதட’ சொல்லல!” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

“த்த்தடதட தட!”

ஏழு ஐம்பதுக்கு டிலானி பிள்ளைக்காம்பராவில். நிரஞ்சனுக்கு நடுக்கம் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. வழி முழுக்க அவன் விரலைப் பிடித்துக்கொண்டு மகள் அவன் பாட்டையே பாடிக்கொண்டு வந்தாளே! எந்தக் கவிஞனுக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்?

புதன், வியாழன், வெள்ளி, சனி... ஒரு நாள் பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும், பிள்ளைக்காம்பராவே பூட்டியிருக்க, சட்டை செருப்போடு எட்டு மணிக்கு முன் பூட்டு வரை போய்த் தொட்டுவிட்டு வந்தார்கள்.

“ஆறு நாளு!” என்று நிரஞ்சன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஜெயிச்சிட்டேன் பூரணி!”

“ஜெயிச்சிட்டீங்க” என்றாள் பூரணி பணிவாக. “சொன்ன சொல்லு சொன்னதுதான். இனிமே நான் பாடல.”

அன்றைக்கு அவன் கோழிக்கறியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை. காலை ஆறு மணி. பாட்டு இல்லை. ஆறரை. சத்தமே இல்லை. கம்பளிக்குள் நிரஞ்சன் புன்னகையோடு புரண்டு படுத்தான். ஏழு மணிக்கு யாரோ கம்பளியைப் பிடித்து இழுத்தார்கள்.

“அம்மா எங்கடா?”

“பெரட்டுக்குப் போயிட்டாங்க.”

“ஒன்னைய கூட்டிட்டுப் போகலியா?”

“நான் எந்திரிக்கலியே. அம்மாதான் இனிமே பாட மாட்டாங்கல்ல? சத்தியம் பண்ணிட்டாங்களாம். அப்பா பாட்டுத்தானாம், எல்லா நாளும்.”

நிரஞ்சன் கண்ணைத் திறந்தான். டிலானியின் ஒரு கையில் அவள் பிரஷ். மறு கையில் அவனுடைய பிரஷ். இரண்டிலும் பற்பசை அளவாக, அழகாக, சிந்தாமல் வைக்கப்பட்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளையின் கைவேலை அல்ல அது. தோளில் அவனுடைய துவாய் வேறு, நாலாக மடித்து.

“கெதியா எந்திரிங்கப்பா, நீங்க பீலியில குளிச்சாத்தானே நான் சுடுதண்ணியில குளிக்கலாம்!”