பாதிப் படகுகளுக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட்

நான் பொருளாதாரப் பேராசிரியன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மனித உயிர்களை வைத்துச் சீட்டுக் குலுக்கியிருக்கிறேன். இன்றைக்கும் எங்காவது சீட்டுக் குலுக்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போது முனைவர் பட்ட ஆய்வு. அரசு இலவசமாக லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் மீனவர்கள் போடுவார்களா, இல்லை அந்தத் தைரியத்தில் இன்னும் ஆழத்துக்குப் போய் மாட்டிக்கொள்வார்களா என்பது என் கேள்வி. (கேள்வி கேட்டவனுக்கு முழங்கால் தண்ணீரிலேயே தலை சுற்றும். பரமக்குடிப் பக்கத்துக்காரன்.) அக்காள்மடம் என்ற கடற்கரைக் கிராமத்தில் நாட்டுப்படகுகளின் பெயர்களை எழுதிக் குலுக்கினேன். பாதிப் படகுகளுக்கு ஜாக்கெட். மீதிப் பாதிக்குக் கிடையாது. அவர்களுக்கானதை என் அறையில் பூட்டி வைத்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு கூட்டம் வேண்டும். எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் கன்ட்ரோல் குரூப்.

என் அறைக்குப் பக்கத்து வீட்டு ராக்கம்மாக்காவின் கணவர் காளிமுத்து அண்ணன் படகு அந்தக் கிடையாத பாதியில் விழுந்தது.

"எங்களுக்கு எப்ப சார் குடுப்பீக?" என்று அக்கா கேட்டார்.

"ஆறு மாசத்துல நிச்சயம் உண்டுக்கா. ஆராய்ச்சி முடியட்டும்."

"அது முடியிற வரைக்கும் கடல் சும்மா கெடக்குமாக்கும்?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம், ஒருநாள் காலையில் திடீரென்று காற்று வெறிபிடித்து அடித்தது. படகுகள் ஒவ்வொன்றாக அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்தன. பதினோரு மணிக்கு ஒரே ஒரு படகு பாக்கி. காளிமுத்து அண்ணன் படகு. அதில் நாலு பேர்.

எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராக்கம்மாக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

"சீட்டு எடுத்த கை யாரு கை தம்பி?"

"எ... என் கைதான்க்கா."

அக்கா என் கையையே பார்த்தார். ஏசியிருந்தால்கூடத் தேவலை. தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். (இருப்பது ஒரே தலை என்பது அப்போது உறைக்கவில்லை.) அறையில் பூட்டிக் கிடந்த ஜாக்கெட்டுகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

பன்னிரண்டு மணி வாக்கில் யாரோ, "அந்தா வருது!" என்று கத்தினார்கள். தலைகளை எண்ணினேன். நாலு. மறுபடியும் எண்ணினேன். நாலேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படகு கிட்டே வந்ததும் பார்த்தால், நாலு பேர் உடம்பிலும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்!

இங்கேதான் என் படிப்பு முந்திக்கொண்டது. தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கத்தினேன்: "அண்ணே, நீங்க ஏன் இதப் போட்டீக? நீங்க போடக் கூடாதுல்ல! அய்யோ, என் ஆராய்ச்சியே போச்சே!"

கரையில் நின்ற எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தார்கள்.

காளிமுத்து அண்ணனுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. செத்துப் பிழைத்து வந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: "கோவிச்சுக்காதீக தம்பி. சீட்டு விழுந்த அந்தோணி இன்னிக்குக் கடலுக்கு வரல, அவன் படகு ஜாக்கெட்டக் குடுத்தான். மொத வாரத்துல இருந்தே இப்படி மாத்தி மாத்தித்தான் போடுறோம். பொம்பளைககிட்ட சொன்னா நீங்க அவுககிட்ட கேட்டு நோட்டுல எழுதிருவீகளேன்னு வீட்டுல மூச்சு விடல."

ராக்கம்மாக்கா அண்ணன் போட்டிருந்த ஈர ஜாக்கெட்டைக் கழற்றி என் முகத்தைப் பார்த்து வீசினார். "ஏலே, இந்தா புடி ஒன் ஆராய்ச்சிய!"

வாயெல்லாம் உப்பு. அப்படியே அறைக்கு ஓடிப் பூட்டைத் திறந்து மிச்ச ஜாக்கெட்டுகளை எல்லாம் தூக்கி வந்து கொடுத்தேன். ஆய்வு அத்தோடு படுத்தது. பட்டம் வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இதை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. போன வாரம் நல்ல மழை, காரை விட்டு இறங்கவேண்டும், மூன்று பேருக்கு இரண்டு குடை. ஒன்றை மகளிடம் கொடுத்தாள், ஒன்றை அவள் விரித்துக்கொண்டாள். நான் கையை நீட்டினேன்.

"உங்க அப்பா கன்ட்ரோல் குரூப்டி, நனையட்டும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

பத்தடி போன மகள் திரும்பி வந்து, என் தலைக்கு மேலே குடையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்கப்பா" என்றாள்.